குயவன் இல்லை என்கிறாயா, தெரியாது என்கிறாயா?

அப்பா என்னிடம் கேட்ட ஒரு கேள்விக்கு 31 ஆண்டுகளாகப் பதில் சொல்லாமல் இருந்தேன். கேட்டபோது அது கேள்வியாகவே எனக்குப் படவில்லை. வாதத்தில் தோற்றுப்போனவர் கடைசியாகச் சொல்லிவைக்கும் ஒரு வார்த்தை என்று நினைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டேன். பிறகு எத்தனையோ முறை, வகுப்பில் மாணவர்களுக்குத் தருக்கம் சொல்லிக்கொடுக்கும் நேரத்தில்கூட, பாதி வாக்கியத்தில் அது வந்து நிற்கும். கடந்த மார்கழியில் மானாமதுரையில் பானை வனையும் ஒரு வேளார் வீட்டுக் கொட்டகையில்தான் அதற்கு என்ன பதில் என்று தெரிந்தது.

அப்போது எனக்கு 19 வயது. கல்லூரியில் தத்துவம் முதலாண்டு படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு வந்த இரண்டாம் நாள் மாலை, அப்பா திருநீறு பூசிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கர் அவர். பேரேட்டில் ஒரு காசு இடித்தாலும் அன்றிரவு தூங்கமாட்டார். ஞாயிற்றுக்கிழமைதோறும் கோயில் மண்டபத்தில் நடந்த சைவ சித்தாந்த வகுப்புக்குப் பல ஆண்டுகள் விடாமல் போனவர். கல்லூரியில் என்ன சொல்லித்தருகிறார்கள் என்று கேட்டார். கடவுள் உண்டு என்பதற்குச் சொல்லப்படும் வாதங்களைப் படிக்கிறோம் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. மகன் தன் வழிக்கு வருகிறான் என்று நினைத்திருக்க வேண்டும். "எங்கள் வகுப்பில் குடத்தை வைத்துத்தான் தொடங்குவார்கள்" என்றார். குடம் இருக்கிறது, ஆகவே குயவன் உண்டு. உலகம் இருக்கிறது, ஆகவே அதைச் செய்தவன் உண்டு.

அதற்கு முந்தைய வாரம்தான் டேவிட் ஹியூமைப் படித்திருந்தேன். 1776இல் இறந்துபோன அந்த ஸ்காட்லாந்துக்காரர் இயற்கைச் சமயம் பற்றி எழுதிய உரையாடல்கள் அவர் இறந்து மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் அச்சுக்கு வந்தன. அவர் வீட்டையும் கப்பலையும் வைத்துச் சொன்னதை நான் குடத்துக்கு மாற்றிச் சொன்னேன். குயவன் குடம் வனைவதை ஆயிரம் முறை பார்த்திருக்கிறோம், அதனால் குடத்தைக் கண்டதும் குயவனை ஊகிக்கிறோம். உலகம் செய்யப்படுவதை யார் பார்த்தது? இன்னொரு உலகத்தை யார் பார்த்திருக்கிறார்கள், இதோடு ஒப்பிட? சரி, செய்தவன் உண்டு என்றே வைத்துக்கொள்வோம். ஒருவன்தான் என்பதற்கு என்ன ஆதாரம்? பலர் கூடிச் செய்திருக்கலாம். கைபழகாத ஒருவன் வனைந்து ஓரமாக எறிந்த முதல் குடமாக இந்த உலகம் இருக்கலாம். செய்தவன் செத்தும் போயிருக்கலாம். கடைசி வார்த்தையைச் சொன்னபோது அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தது நினைவிருக்கிறது. நான் நிறுத்தவில்லை. "ஆகவே கடவுள் இல்லை" என்று முடித்தேன்.

அப்பா கோபப்படவில்லை. வெகுநேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கணக்கில் எங்கோ ஒரு வரி விட்டுப்போயிருப்பதைக் கண்டவரைப் போல நிதானமாகக் கேட்டார்: "தம்பி, குயவன் இல்லை என்கிறாயா, இல்லை, குயவனைத் தெரியாது என்கிறாயா?"

குடமும் மண்ணும்

அப்பா சொன்ன குடம் எங்கிருந்து வந்தது என்பதைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் தேடிப் படித்தேன். முதலிலேயே அதைச் செய்திருக்க வேண்டும். ஒருவர் ஒரு வாதத்தைச் சொன்னால், அது அவருடைய வீட்டில் எந்த மூலையில் எதற்காக வைக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்காமல், வேறொரு வீட்டுப் பொருளாக நினைத்து உடைப்பது நியாயமில்லை. நான் உடைத்தது ஐரோப்பியக் குடம். அப்பாவின் கையில் இருந்தது வேறு.

மெய்கண்டாரின் சிவஞானபோதம் 13ஆம் நூற்றாண்டு நூல். 12 சூத்திரங்கள், நாற்பதே அடிகள். முதல் சூத்திரமே ஒரு வாதம்: "அவன் அவள் அதுஎனும் அவைமூ வினைமையின் தோற்றிய திதியே ஒடுங்கிமலத் துளதாம் அந்தம் ஆதி என்மனார் புலவர்." அவன், அவள், அது என்று சுட்டத்தக்க எல்லாமே தோன்றி, நின்று, ஒடுங்குகின்றன, எதில் ஒடுங்குகின்றனவோ அதிலிருந்தே மீண்டும் தோன்றுகின்றன, ஆகவே அந்தம் எதுவோ அதுவே ஆதி. இந்தச் சூத்திரத்தை முதலில் ஊன்றிப் படித்த நாளில் என்னை நிறுத்திவைத்தது அதன் தொடக்கம்தான். உலகம் எவ்வளவு அழகாக அமைந்திருக்கிறது என்று மெய்கண்டார் வியந்து தொடங்கவில்லை. அழிவைக் காட்டித் தொடங்குகிறார். சூத்திரத்தைப் பகுத்து, ஒவ்வொரு பகுதிக்கும் மேற்கோள் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்), எடுத்துக்காட்டு என்று அவர் வைக்கும் முறை எந்தத் தருக்க வகுப்பிலும் வைத்துப் பாடம் நடத்தத் தகுந்தது.

குடம் அவருடைய மாணவர் அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியாரில் வருகிறது. மண் முதற்காரணம், திரிகை என்னும் குயவனின் சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். மண்ணின் இடத்தில் மாயை என்னும் மூலப்பொருள், திரிகையின் இடத்தில் சத்தி, "ஆரியன் குலாலனாய்நின் றாக்குவன் அகில மெல்லாம்": இறைவன் குயவனாக நின்று உலகையெல்லாம் ஆக்குகிறான். இதில் மண் முன்பே இருக்கிறது என்பதுதான் முக்கியம். ஏறக்குறைய அதே காலத்தில் இத்தாலியரான தாமஸ் அக்வினாஸ், இயக்கத்திலிருந்தும் காரணத்திலிருந்தும் தொடங்கிக் கடவுளுக்கு ஐந்து வழிகளை எழுதிக்கொண்டிருந்தார். ஒருவரை ஒருவர் அறியாத இருவர் ஒரே நூற்றாண்டில் ஒரே கேள்வியை எடுத்திருக்கிறார்கள். ஆனால் அக்வினாஸின் கடவுள் இன்மையிலிருந்து உலகைப் படைப்பவர். சைவ சித்தாந்தத்தில் மாயையும் உயிர்களும் அநாதி. இறைவன் மண்ணைப் படைப்பதில்லை, வனைகிறான். குடம் என்ற உவமை அங்கே பொருந்துகிற அளவுக்கு கடிகாரம் இருந்தால் அதைச் செய்தவன் உண்டு என்னும் இங்கிலாந்தின் உவமை கிறித்தவக் கடவுளுக்குப் பொருந்தாது. கடிகாரம் செய்பவன் பித்தளையை உண்டாக்குவதில்லையே.

இதனால் அப்பாவின் வாதம் தப்பிவிட்டது என்று சொல்ல வரவில்லை. அவன், அவள், அது ஒவ்வொன்றும் தோன்றி அழிவதால் முழு உலகமும் தோன்றி அழியும் என்று ஆகிவிடுமா? 1948இல் பி.பி.சி. வானொலியில் தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரசல் பாதிரியார் கோப்பிள்ஸ்டனிடம் கேட்டது இதைத்தான். மனிதர் ஒவ்வொருவருக்கும் தாய் உண்டு. அதனால் மனித இனத்துக்கு ஒரு தாய் உண்டு என்று சொல்லலாமா? இந்த இடத்தில் எனக்கு இன்றும் ரசல் சொல்வதே சரியாகப் படுகிறது. சித்தாந்திகள் இதற்குப் பதில் வைத்திருக்கிறார்கள், சிவஞானபோதத்துக்குச் சிவஞான முனிவர் எழுதிய மாபாடியம் என்னும் பேருரையில் பக்கம் பக்கமாக. படித்தேன். முழுதாக ஒப்ப முடியவில்லை.

வாதத்தில் உலகையே எடுத்துக்கொள்ளாமல், சொல்லிலிருந்து மட்டுமே கடவுளை நிறுவப் பார்த்த கிறித்தவத் துறவி அன்செல்மின் வாதமும் உண்டு. இதைவிடப் பெரியதை எண்ண முடியாது என்னும்படியான ஒன்று எண்ணத்தில் மட்டும் இருந்தால் அது மிகப் பெரியது ஆகாதாம். ஆகவே அது வெளியிலும் இருந்தாக வேண்டுமாம். அதே முறையில் மிகச் சிறந்த தீவு ஒன்றையும் வரவழைத்துவிடலாமே என்று அவர் காலத்திலேயே கவுனிலோ என்ற துறவி கேட்டுவிட்டார். அன்செல்மை அப்பாவிடம் ஒருமுறை விளக்கினேன். "பேரேட்டில் எழுதிவிட்டால் பெட்டியில் பணம் வந்துவிடுமா?" என்று கேட்டார். ஜெர்மன் தத்துவவாதி கான்ட் நூறு நாணயங்களை வைத்துச் சொன்னது ஏறத்தாழ இதுதான். அப்பா கான்ட்டைப் படித்ததில்லை.

புற்று

ஹியூமின் மறுப்பு மேற்கிலிருந்து வந்த புதுச் சரக்கு என்றுதான் 19 வயதில் நினைத்திருந்தேன். திண்ணையில் பழமைக்கும் புதுமைக்கும் சண்டை நடப்பதாகவும், நான் புதுமையின் பக்கம் நிற்பதாகவும் ஓர் எண்ணம். அதைக் கலைத்தவர் தர்மகீர்த்தி. ஏழாம் நூற்றாண்டுப் பௌத்தர், ஹியூமுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முந்தியவர். நியாயம் என்னும் தருக்க நெறியினர் சொன்ன இதே குயவன் வாதத்துக்கு அவர் ஒரு புற்றைக் காட்டினார். குடம் மண்ணால் ஆனது, குயவன் செய்தது. புற்றும் மண்ணால் ஆனதுதான். அப்படியானால் புற்றையும் குயவன்தான் செய்தான் என்பீர்களா?

இதற்குமேல் சுருக்கமாக இந்த மறுப்பைச் சொல்ல முடியும் என்று தோன்றவில்லை. ஈசல் மழைக்குப் பிறகு எங்கள் கொல்லைப்புறத்தில் ஆளுயரத்துக்கு எழுந்து நின்ற புற்று கண்முன் வந்தது. கோபுரம் கோபுரமாக, உள்ளே அறை அறையாக, காற்றுப் போகும் வழியோடு நிற்கும். எந்தக் குயவனும் தொட்டதில்லை. 'உருவமைதி உண்டு, ஆகவே செய்தவன் உண்டு' என்னும்போது, உருவமைதி என்ற ஒரே சொல்லைக் குடத்துக்கும் மலைக்கும் போட்டுவிடுகிறோம். சொல் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்றாகிவிடாது என்பது அவர் வாதத்தின் உயிர். இதற்கும் பிறகு உதயணர் போன்ற நியாய ஆசிரியர்கள் விரிவான மறுமொழி எழுதினார்கள். அதாவது, நான் ஒரு மாலையில் முடித்துவைத்ததாக நினைத்த வழக்கு இந்த மண்ணில் பல நூற்றாண்டுகள் இருதரப்பும் சளைக்காமல் நடத்தியது.

தமிழிலும் இந்தப் பழக்கம் நெடுநாளாக உண்டு. மணிமேகலை வஞ்சியில் சமயக்கணக்கர்களை ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு போகிறாள். கண்ணால் கண்டதைத் தவிர வேறெதையும் ஏற்கமாட்டேன், அனுமானம் செல்லாது என்கிறான் பூதவாதி. உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய் என்று அவள் கேட்கிறாள். நான் அந்த வரிகளில் நெடுநேரம் நின்றேன். உண்மையில் அனுமானத்தாலும் நமக்குத் தாய் தந்தையரைத் தெரியாது என்றே நினைக்கிறேன். பிறர் சொல்லித்தான் தெரியும். இவள் உன் அம்மா, இவர் உன் அப்பா என்று ஒருவர் சொன்னார், நாம் நம்பினோம். அறியும் வழிகளாகிய அளவைகளின் பட்டியலில் காண்டலுக்கும், கருதல் என்னும் அனுமானத்துக்கும் பின்னால் நிற்கும் ஆகமம், அதாவது பிறர் சொல், என்ற ஒன்றின் மேல்தான் நம் வாழ்க்கையின் பெரும்பகுதி உட்கார்ந்திருக்கிறது.

புகை இல்லாத இடத்தில் நெருப்பு

மலையில் புகை தெரிகிறது, ஆகவே நெருப்பு உண்டு. தருக்க நூல்கள் எல்லாம் இந்த எடுத்துக்காட்டைத்தான் சுற்றி வருகின்றன. தர்மகீர்த்தியின் நூலுக்கு உரை எழுதிய தர்மோத்தரர் எட்டாம் நூற்றாண்டில் இதில் ஒரு சிக்கலை நுழைத்தார். இறைச்சி சுடுவதற்காக ஒருவன் இப்போதுதான் தீ மூட்டியிருக்கிறான். புகை இன்னும் எழவில்லை. ஆனால் வாசனைக்குப் பூச்சிகள் கூட்டமாக வந்து கரிய படலம்போல் மேலே மொய்க்கின்றன. தொலைவில் நிற்கும் ஒருவன் அதைப் புகை என்று எண்ணி, அங்கே நெருப்பு இருக்கிறது என்கிறான். நெருப்பு இருக்கத்தான் செய்கிறது. அவனுக்கு அது தெரியும் என்று சொல்லலாமா? 1963இல் அமெரிக்கத் தத்துவவாதி எட்மண்ட் கெட்டியர் மூன்றே பக்கங்களில் எழுதிய ஒரு கட்டுரை, நியாயத்தோடு கூடிய உண்மையான நம்பிக்கைதான் அறிவு என்ற கணக்கைக் கலைத்துப்போட்டது. தர்மோத்தரரின் பூச்சிக்கூட்டம் அங்கே முன்பே பறந்துகொண்டிருக்கிறது.

கெட்டியருக்காக இதை வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஒரு நாள் கரும்பலகையில் மலையையும் பூச்சிகளையும் வரைந்துவிட்டுத் திரும்பியபோது ஒரு மாணவி கேட்டாள்: "ஐயா, அது புகை இல்லை, பூச்சிதான் என்று பக்கத்தில் நிற்பவன் கண்டுபிடித்துவிட்டால், நெருப்பு இல்லை என்று சொல்லிவிடுவானா?" சொல்லக்கூடாது என்றேன். புகை இல்லை என்பதுவரைதான் அவனுக்கு உரிமை. நெருப்பைப் பற்றி அவன் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. சொல்லி முடித்ததும் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டேன். அப்பா கேட்டது இதுதான். நான் பூச்சியைக் கண்டுபிடித்துவிட்டு நெருப்பை அணைத்துவிட்டதாக அறிவித்திருந்தேன். தவளை கத்துகிறது, ஆகவே மழை வரும் என்பவரிடம், தவளை சத்தத்துக்கும் மழைக்கும் தொடர்பில்லை என்று நிறுவிவிடலாம். அதற்காகக் குடை வேண்டாம் என்று ஆகாது. பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி என்று மணிமேகலை தருக்கப் பிழைகளாகிய போலிகளை வகைபிரித்துச் சொல்கிறது. அப்பாவின் வாதத்தில் ஒரு போலி இருந்திருக்கலாம். என்னுடைய 'ஆகவே'யில் இருந்தது அதைவிடப் பச்சையான போலி.

இதை அன்றே ஊருக்குப் போய் அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பாதிப் பதில்தான் கையில் இருந்தது. நான் சொன்னது தவறு என்று தெரிந்துவிட்டது. அவர் சொன்னது என்ன என்று இன்னும் தெரியவில்லை. வாதம் தோற்ற பிறகும் அவர் நம்பிக்கை துளியும் அசையாமல் இருந்தது எதன்மேல் நின்று?

மானாமதுரை

மார்கழிக் கடைசியில், பொங்கலுக்குப் பானை வாங்க மானாமதுரைக்கே போகலாம் என்று அப்பா சொன்னார். வயது 78. முழங்கால் ஒத்துழைப்பதில்லை. மதுரையிலிருந்து காலை ரயிலில் போனோம். நாங்கள் போன வீட்டுக் கொட்டகையில் ஒரு பக்கம் கடங்கள், ஒரு பக்கம் பொங்கல் பானைகள், சூளைக்குப் போகக் காத்திருக்கும் அகல் விளக்குகள். வேளார் தரையில் உட்கார்ந்து ஒரு பானைக்கு அடி கூட்டிக்கொண்டிருந்தார். சக்கரத்தில் வனைந்து எடுக்கும்போது பானைக்கு அடிப்பாகம் இருக்காது, கழுத்தும் தோளும்தான். பாதி உலர்ந்த பிறகு, உள்ளே உருண்டைக் கல்லை இடக்கையால் பிடித்துக்கொண்டு, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி மண்ணைக் கீழே இறக்கி அடியை மூடுவார்கள். டப், டப், டப் என்று ஒரே சீராகச் சத்தம். ஒவ்வொரு தட்டுக்கும் பானை கொஞ்சம் சுழலும். உற்றுப் பார்த்தால், பலகை பட்ட இடமெல்லாம் மீன் செதிலைப்போல ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்த மெல்லிய தடங்கள்.

அப்பா அடுக்கிலிருந்து ஒரு பானையை எடுத்துச் சுண்டிப் பார்த்தார். கணீரென்றது. "இதையே எடுத்துக்கொள்கிறோம்" என்றார். வேளார் நிமிர்ந்து அதை வாங்கி, அடியைத் திருப்பி ஒருமுறை தடவினார். "இது நான் செய்தது இல்லை ஐயா. எங்கள் அண்ணன் தட்டிய பானை" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். அண்ணனுக்கு இடக்கைப் பழக்கம். தடமெல்லாம் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும் என்று சொல்லி, தன் பானை ஒன்றையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஆமாம், எதிரெதிர் சாய்வு. "உள்ளே கையை விட்டுப் பாருங்கள். கடைசியில் கட்டைவிரலால் ஒரு தடவு தடவுவார். சின்ன வயதிலிருந்து அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தவன் இல்லையா நான்?"

அப்பா பானைக்குள் கையை விட்டார். கண்ணை மூடிக்கொண்டு அந்த ஒரு தடவலைத் தேடினார். கிடைத்திருக்க வேண்டும், முகத்தில் தெரிந்தது. வெளியே வேப்பமர நிழலில் இருந்த கல்லில் உட்கார்ந்ததும் அவரே தொடங்கினார். "நீ அன்றைக்குத் திண்ணையில் சொன்னது சரிதான், தம்பி." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் அந்த மாலையை நினைவில் வைத்திருப்பார் என்றே நான் நினைத்ததில்லை. "பானையைப் பார்த்ததும் அவருக்கு அண்ணன் தெரிகிறார். நமக்குத் தெரியவில்லை. பானை ஒன்றுதான். அவர் அந்தக் கையைப் பார்த்திருக்கிறார், நாம் பார்த்ததில்லை. முன்பே பார்த்தவனுக்குத்தான் பானை சாட்சி சொல்லும். நீ சொன்னது அதுதானே?"

அதுதான் என்றேன். பிறகு, 31 ஆண்டுகளாகச் சொல்லாததைச் சொன்னேன். "குயவனைத் தெரியாது என்றுதான் நான் சொல்லியிருக்க வேண்டும் அப்பா. இல்லை என்று சொன்னது தவறு." அவர் தலையசைத்தார். அது அவருக்குப் புதிய செய்தியாக இல்லை.

அப்படியானால் வாதத்தால் பயனில்லை என்று தெரிந்தும் ஏன் அன்று குடத்தைச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "நான் குடத்தைப் பார்த்துக் குயவனைக் கண்டுபிடித்தவன் இல்லை. எங்கள் அப்பத்தா விடியற்காலையில் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பதிகம் பாடும். அதன் நெஞ்சு அதிர்வது என் முதுகில் தெரியும். அப்போதே எனக்கு அவன் இருந்தான். வகுப்பில் குடத்தைச் சொன்னபோது, ஆமாம், இது அவன் கைதான் என்று தோன்றியது. உனக்கும் தோன்றும் என்று நினைத்துவிட்டேன். நீ அந்தக் கையைப் பார்த்ததில்லை என்பது எனக்குத் தோன்றவில்லை."

இதை என்னவென்று சொல்வது? வேளாரின் அண்ணனை எவரும் கேட்டுச் சரிபார்க்கலாம். அடுத்த தெருவில் இருக்கிறார். அப்பா பார்த்ததாகச் சொல்லும் கையை அப்படிச் சரிபார்க்க வழியில்லை. அப்பத்தாவின் நெஞ்சதிர்வு எந்த அளவையில் சேரும் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. காண்டல் என்று அப்பா சொல்வார். ஆகமம் என்று நான் சொல்வேன். பூச்சிக்கூட்டம் என்று தர்மோத்தரர் சொல்லக்கூடும். அது அறிவு என்று என்னால் ஒப்ப முடியவில்லை; நான் இன்றும் கோயிலுக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் வாசலில் நிற்கிறவன்தான். ஆனால் நான் 19 வயதில் இடித்தது அந்த வீட்டின் சுவரை அல்ல, சுவரில் சாத்திவைத்திருந்த ஒரு பலகையை என்பது மட்டும் அந்த வேப்பமரத்தடியில் தெளிவாகத் தெரிந்தது.

திரும்பும் ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வைக்கோல் சுற்றிய பானையை அப்பா மடியிலேயே வைத்துக்கொண்டார். கீழே வைக்கலாம் என்று சொன்னேன், கேட்கவில்லை. திருப்பாச்சேத்தி தாண்டியதும், அன்றொரு நாள் போனில் ஏதோ புற்று என்று சொன்னாயே, அதை இன்னொரு முறை சொல் என்றார். தர்மகீர்த்தியின் புற்றைச் சொன்னேன். விரலால் பானையின் அடியைத் தடவிக்கொண்டே கேட்டார். சற்று நேரம் பேசவில்லை.

"புற்றைக் கறையான் கட்டுகிறதே, தம்பி. செய்தவன் இல்லாமல் போகவில்லையே?"

"ஆனால் ஒன்றில்லையே அப்பா, லட்சக்கணக்கில். அதில் எதற்கும் புற்று என்றால் என்னவென்று தெரியாது."

"அது சரி" என்றார். ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, உதட்டை லேசாக அசைத்து எதையோ கூட்டிக் கழிக்கத் தொடங்கினார். திருப்புவனத்தில் ரயில் நின்று புறப்பட்டபோதும் அது முடிந்திருக்கவில்லை.